புதர் வானம்பாடி: பூஜ்யம்

ஜனவரி 4, சனி

மாதத்தின் முதல் சனி. மஞ்சணத்தேரி நடை. ஏழு பேர் வந்தார்கள். அறிவிப்பில் ‘எளிது’ என்று நானே கொட்டை எழுத்தில் போட்டிருந்தும், ஒரு பல் மருத்துவர் மலையேறும் பூட்ஸும் கைத்தடியுமாக வந்து இறங்கினார். மொத்தம் ஒன்பதரைக் கிலோமீட்டர். ஏற்றம் என்று சொல்லத்தக்கது நாலு மணல்மேடு. என் அறுபத்தாறு வயதுக் கால்களே இந்தப் பாதையில் முனகுவதில்லை.

பம்ப் ஹவுஸில் 6.10க்குத் தொடக்கம். முதல் மூன்று கிலோமீட்டர் தேரி, அதாவது செம்மணல் மேடு. காலையில் மணல் இறுகிக் கிடக்கும், பத்து மணிக்கு மேல் கால் புதையும். அதனால் தேரி முதலில், குளம் பிறகு. உடைமரம், கிளுவை, முழங்கால் உயரப் புல், அங்கங்கே கொல்லாமா. நடுவில் பனைக்கூட்டம், அங்கே இட்லிப் பொட்டலம் பிரித்தோம். மேற்கே இறங்கினால் தாழையடிக்குளத்தின் சதுப்பும் கோரையும். பிறகு கரைமேலேயே நடந்து 11.40க்கு முடித்தோம். பல் மருத்துவரின் பூட்ஸுக்குள் இரண்டு படி மணல் இருந்தது.

நத்தைகுத்தி நாரை 112. சாம்பல் நாரை 9. இலைக்கோழி 31. ஊசிவால் வாத்து ஏறத்தாழ 240. மயில் 14. செம்போத்து 6. கௌதாரி 11. புதர் வானம்பாடி 0.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் பதினான்கு வருடமாக இதே பாதையில், இதே சனியில் நடக்கிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, தேரி மண்ணின் நிறம். கண்ணால் தேடினால் அகப்படாது. குரலைப் பிடித்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரே நடையில் இருபத்தாறு. அடுத்த வருடம் பத்தொன்பது, பிறகு பதினொன்று, பிறகு நான்கு. இரண்டு வருடமாக ஒன்றுகூட இல்லை. புல் தூரில், தரையில் கூடு கட்டும் பறவை. ஆட்டுக் குளம்புக்கு அதன் முட்டை எம்மாத்திரம்? எண்ணிக்கை நான்குக்கு இறங்கியதுமே இதை அட்டவணை போட்டு எழுதிக் கொடுத்தேன். அதன்பேரில்தான் வனச்சரக அலுவலகம் தேரியில் ஆடு மேய்ப்பதை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவைத்தது.

திரும்பும்போது ரோட்டோரத்தில் பூலம்மாள் ஆடுகளோடு நின்றாள். முன்பெல்லாம் அவள் ஆடுகள் தேரிக்குள்தான் நிற்கும். நாங்கள் நடந்தால் பாதி வழி கூடவே பேசிக்கொண்டு வருவாள்.

“அண்ணாச்சி, இன்னைக்கும் குருவி இல்லன்னுதான் எழுதுனியளா?”

“இல்லாததை எப்படி எழுத?”

“காதக் கொடஞ்சிக்கிட்டுல்லா கெடக்கு. வேலிப் பக்கம் நின்னாலே கேக்குது.”

சிரித்துவிட்டு வந்தேன். ஆடு வைத்திருப்பவள் வேறு என்ன சொல்வாள்?

ஜனவரி 9, வியாழன்

மனைவி எமிமாளுக்குக் காய்ச்சல். மருந்துக் கடையில் புதிதாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். சூடு பார்த்து முடிந்ததும் சத்தம் கொடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கொடுக்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரன் தன் அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். “அடிக்குதே சார்” என்றான். இந்தக் காலத்துக் கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறார்கள். பாதரசத் தெர்மாமீட்டராக வாங்கி வந்தேன். 101.

ஜனவரி 17, வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. எமிமாள் இப்போதெல்லாம் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துதான் பேசுகிறாள். கேட்டால், அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வருகிறது என்கிறாள்.

ஜனவரி 23, வியாழன்

வனச்சரகர் திலகராணியிடமிருந்து கடிதம். மார்ச் 13, காலை 11 மணிக்கு மேய்ச்சல் தடை குறித்து மறுஆய்வுக் கூட்டம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான எண்ணிக்கையை நான் கொண்டுவர வேண்டும். தடையை விலக்குவதா, நிரந்தரமாக்குவதா என்று அன்றைக்கு முடிவாகும்.

கடிதம் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் பூலம்மாள் வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றே பேசினாள்.

“அறுவத்திரெண்டு உருப்படி நின்னுச்சு அண்ணாச்சி. இப்ப இருவத்துநாலு. தெனம் ஏழு மைலு ஓட்டிட்டுப் போயி, அவன் தோட்டம் இவன் தோட்டம்னு ஏச்சு வாங்கிட்டு வாறேன். போன மாசம் மருந்தடிச்ச எல கொளையத் தின்னுட்டு மூணு செத்துப்போச்சு.”

“வருத்தமாத்தான் இருக்கு.”

“நீங்க ஒரு வரி எழுதுனா போதும். தேரில ஆடு திங்கிற உடமரக் காயி உதுந்து வீணாக் கெடக்கு. நிரந்தரமா மூடிட்டாவன்னா இருக்கதையும் சந்தைக்கு ஏத்திட்டு, நான் இறா கம்பெனிக்குத்தான் போவணும். எனக்கு ஆட்ட விட்டா வேற என்ன தெரியும்?”

“எண்ணிக்கைய நான் மாத்த முடியாது பூலம்மா. இருந்தா இருக்குன்னு எழுதுவேன். இல்லன்னா இல்ல.”

“இருக்குன்னுதான சொல்லுதேன்.”

எமிமாள் காப்பி கொண்டுவந்தாள். பூலம்மாள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு எமிமாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 1, சனி

மாத நடை. ஒன்பது பேர். புதிதாக லலிதாங்கி என்ற வங்கி அதிகாரி, கோவைக்காரர், மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. நல்ல ஆர்வம். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்திருக்கிறார். இரண்டாவது மேட்டில் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

“சார், புதர் வானம்பாடின்னு காட்டுதுங்க! கேக்குதுங்களா?”

நின்று கேட்டோம். காற்று. தூரத்தில் மயில். வேறு ஒன்றும் இல்லை.

“போன் தப்பாச் சொல்லும்மா. அதுக்கு இந்தத் தேரியத் தெரியாது” என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பல் மருத்துவர் (இந்த முறை ரப்பர் செருப்பில் வந்திருந்தார்) புதர்ப் பக்கம் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். மூன்றாவது மேட்டிலும் கைபேசியில் அதே பெயர் வந்ததாம். அதற்கு மேல் லலிதாங்கி அதைப் பையில் போட்டுவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

சதுப்பில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கிறது. நாரைகள் ஓரத்துக்கு வந்துவிட்டன. நத்தைகுத்தி 87. இலைக்கோழி 22. மயில் 17. புதர் வானம்பாடி 0.

பிப்ரவரி 5, புதன்

மயில் இரண்டு கிலோமீட்டரில் அகவினாலும் கேட்கிறது. கூட்ஸ் வண்டி பாலம் ஏறுவது கேட்கிறது. எமிமாள் திட்டுவது மிக நன்றாகக் கேட்கிறது. ஆகவே இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து திரும்பும்போது, எமிமாள் மூன்று வருடமாகச் சொல்லிவருவதை மறுபடியும் சொன்னாள். வெயில் அதிகம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தேரிக்குப் போனேன். கைபேசி தப்பு என்று நிரூபித்துவிட்டால் மனம் ஓயும் என்று தோன்றியது.

6.15க்கு இரண்டாவது மேட்டில் ஒரு கிளுவை அடியில் உட்கார்ந்தேன். குரலுக்குக் காத்திருக்கவில்லை. பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புதராக, உச்சியிலிருந்து அடிவரை, முகவரி தேடுகிற தபால்காரன்போலப் பார்த்துக்கொண்டே வந்தேன். 6.50க்கு, முப்பதடி தூரத்தில், ஒரு உடைமரக் கிளையின் நுனியில் புதர் வானம்பாடி. சந்தேகத்துக்கு இடமில்லை. தடித்த அலகு, மார்பில் புள்ளி, இறக்கையில் செம்பழுப்பு.

அலகு திறந்திருந்தது. தொண்டை இறகு சிலிர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. கடிகாரம் பார்த்தேன். நாற்பது விநாடி. அப்புறம் மேலே எழும்பி, இறக்கையை விரித்துக் காலைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கியது. அது பாடுகிறபோது செய்கிற வேலை. பதினான்கு வருடமாகத் தெரியும். டி.வி.யில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாட்டு பார்ப்பதுபோல் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் செம்போத்து ஒன்று கூவியது. அது கேட்டது.

ஒன்பது மணிவரை இருந்தேன். கண்ணால் மட்டும் பார்த்தது பதின்மூன்று. அதில் பத்து வாயைத் திறந்து வைத்திருந்தன.

குறிப்பு: சில காலங்களில் பறவைகளுக்குக் குரல் கட்டிக்கொள்ளும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

அப்படி எங்கும் படித்ததில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காது மூக்கு தொண்டை மருத்துவர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் நிறைய அழுத்தினேன். பிறகு வெகுநேரம் அழுத்த வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் இன்னும் விசையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மருத்துவர் வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதிவரை ஒழுங்காக வந்து, பிறகு தேரிச் சரிவுபோல இறங்கிவிட்டது.

“அடிச் சத்தமெல்லாம் நல்லாருக்கு சார். கீச்சுன்னு வார சத்தந்தான் போய்ட்டு. ஒரு நாள்ல போயிருக்காது. ஆறேழு வருசமாக் கொஞ்சங்கொஞ்சமாப் போயிருக்கும்.”

“இருபத்தாறு, பத்தொன்பது, பதினொண்ணு, நாலு. இப்படிப் போயிருக்குமா?”

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் இல்லை. காதுக் கருவி வைத்தால் பேச்சு தெளிவாகும் என்றார். குருவி கேட்குமா என்றேன். ஓரளவு என்றார்.

வீட்டுக்கு வந்து எமிமாளிடம் கேட்டேன். “அந்தத் தெர்மாமீட்டர் சத்தம் போட்டுதா?”

“போட்டுது. மூணு தடவையும் போட்டுது.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன். கடைக்காரன் பொய் சொல்லுதான்னு கௌம்பிப் போய்ட்டிய. அதுக்கு மேல சொன்னா நானும் பொய் சொல்லுதேன்னு ஆயிரும்லா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

பழைய நோட்டுகள் பதினான்கையும் பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. அட்டை போட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

முன்கதவுத் தாழ்ப்பாள் இறுக்கம். எண்ணெய் விட்டேன். சரகருக்குப் போன் செய்ய எடுத்து, முதலில் இன்னொரு நடை முடியட்டும் என்று வைத்துவிட்டேன். ஒரே ஒரு நாள் பார்த்ததைக்கொண்டு எதையும் சொல்லிவிடக் கூடாது.

மார்ச் 1, சனி

மாத நடை. எட்டு பேர். தொடங்கும் முன்பு, தேரிப் பகுதியில் இன்றைக்கு லலிதாங்கி கேட்டுச் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவருக்குக் கைபேசியே தேவைப்படவில்லை. முதல் மேட்டிலேயே இரண்டு என்றார். விரலை நீட்டிய இடத்தில் பைனாகுலரை வைத்தால் பறவை இருந்தது. பனைக்கூட்டத்தை அடையும்போது பத்தொன்பது. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஏறக்குறைய குதித்தார்.

“வந்திருச்சுங்க சார்! ரெண்டு வருசம் ஆட்ட நிறுத்தினது வேலை செஞ்சிருக்குதுங்க! உங்க பதினாலு வருச உழைப்புங்க சார் இது!”

எல்லோரும் கை தட்டினார்கள். பல் மருத்துவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நின்றேன். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. குளக்கரையில் நடக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். கரையில் நாரைகளை எண்ண வேண்டியிருந்தது. நத்தைகுத்தி 41.

வீடு வந்து சேர்வதற்குள் லலிதாங்கி அதை நடைக் குழுவிலும் ஊர்க் குழுவிலும் போட்டுவிட்டார். என் படத்தோடு. தொப்பி அணிந்திருக்கிறேன், சிரித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

சரகர் திலகராணி போன் செய்து வாழ்த்தினார். “பத்தொன்பதுங்கிறத எழுத்துல கொடுத்துருங்க சார். ஆட்ட எடுத்ததும் குருவி திரும்பிருச்சுன்னு காட்டிட்டா, நிரந்தரத் தடைக்கு மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

போனை வைத்த பிறகு யோசித்தேன். பத்தொன்பது என்று கொடுத்தால், தடை பலித்தது, ஆகவே மூடலாம். பூஜ்யம் என்று கொடுத்தால், பறவை இன்னும் வரவில்லை, ஆகவே மூட வேண்டும். எதைக் கொடுத்தாலும் பூலம்மாளின் ஆடுகளுக்கு வழி இல்லை. அவள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த காலத்திலும் குருவி இங்கேதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

மூன்றாவதாகக் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் கடைசி ஆறு வருட நோட்டும் குப்பை. அதற்கு முந்தையதையும் யார் நம்புவார்கள்? இன்று அதை எழுத நேரமில்லை. எமிமாள் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய வனச்சரகர் அவர்களுக்கு’ வரை வந்தது. பேனாவில் மை இறங்கவில்லை. வேறு பேனா வாங்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

ஒட்டடை அடித்தேன். நாலு அறையும். எமிமாள், “இந்தச் சிலந்திக்கு வாரியலக் கண்டா இருக்க பயம், ஒங்களுக்கு அந்தக் கடுதாசியக் கண்டா இருக்கு” என்றாள். கேட்காததுபோல் அடுத்த அறைக்குப் போனேன். காது கேட்காததில் இந்த ஒரு வசதி உண்டு, ஆனால் அவள் குரல் அடிச் சத்தம். முழுவதும் கேட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் நீளம். கடிதம் எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமை.

மார்ச் 11, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அடியில் அரை அடிச் சேறு. காலை முழுக்க அதிலேயே போயிற்று.

மார்ச் 12, புதன்

இரவு சாப்பாட்டுக்குப் பின் எமிமாள் கேட்டாள். “நாளைக்கு அங்க போயி என்ன சொல்லப் போறிய?”

“உள்ளதச் சொல்லப் போறேன்.”

“அப்படின்னா வெள்ளச் சட்டையத் தேச்சு வைக்கேன்” என்றாள். தேய்த்தும் வைத்தாள்.

மார்ச் 13, வியாழன்

10.40க்கே போய்விட்டேன். நீள மேசை. சரகர், அவரோடு ஒரு வனவரும் ஓர் எழுத்தரும், ஊராட்சியிலிருந்து ஒருவர், லலிதாங்கி, பல் மருத்துவர். பூலம்மாள் கடைசி நாற்காலியில், பின்னுக்குச் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள்.

சரகர் என் பழைய அட்டவணையைச் சுவரில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினார். இருபத்தாறில் தொடங்கி இறங்கிய கோடு. கடைசியில் செங்குத்தாக ஏறிப் பத்தொன்பது. “இது ஒன்னே போதும்” என்றார்.

எழுந்து நின்றேன். முப்பத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, எத்தனையோ விசாரணைகளில் சாட்சி சொல்லியிருக்கிறேன். மருத்துவரின் வரைபடத்தை மேசையில் வைத்தேன்.

“மேடம், அந்தச் சுவத்துல இருக்க கோடும் இந்தக் காகிதத்துல இருக்க கோடும் ஒண்ணுதான். குருவி கொறையல. எனக்குக் கேக்குறது கொறஞ்சிருக்கு. ஆடு இருந்தப்பவும் குருவி இருந்துருக்கு, ஆடு இல்லாதப்பவும் இருந்துருக்கு. போன ஒண்ணாந்தேதி எண்ணினது நானில்ல, லலிதாங்கி. அவங்க காதால பத்தொன்பது. என் காதால அன்னைக்கும் ஒண்ணுமில்ல.”

வனவர் சரகரின் காதில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

சரகர் கேட்டார். “அப்போ அந்த வருசங்கள்ல உண்மையில எத்தன இருந்துச்சு சார்?”

“தெரியாது. அது இனி யாருக்கும் தெரியாது.”

லலிதாங்கி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரகர் புரொஜெக்டரை அணைத்தார். கோபப்படுவார் என்று எனக்குத் தோன்றியது, படவில்லை. களைத்தவர்போலக் கோப்பைப் புரட்டி, ஆதாரம் இல்லாத தடையை நீட்டிக்க முடியாது, ஏப்ரல் 1 முதல் பழையபடி மேய்க்கலாம், எண்ணிக்கையை இனி வேறு இருவர் எடுக்கட்டும் என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார். அனுமதிச் சீட்டுக்காக, “ஒங்களுக்கு இப்ப எத்தன ஆடும்மா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றாள் பூலம்மாள்.

“எத்தன இல்ல?”

“ஒண்ணும் இல்ல. ஒண்ணாந்தேதி குருவி வந்துட்டு, இனி மூடிருவாவன்னு ஊரெல்லாம் பேசுனாவ. அண்ணாச்சி படத்தயும் எல்லாருக்கும் போன்ல அனுப்புனாவ. இனி வச்சிருந்து தீனிக்கு எங்க போறது? முந்தாநாளு செவ்வாக்கெழம சந்தைக்கு இருவத்துநாலயும் ஏத்திட்டேன்.”

எழுத்தர் பேனாவை மேசையில் வைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சரியாக வரவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “காது போனது எப்ப அண்ணாச்சி ஒங்களுக்குத் தெரியும்?”

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்?

“போன மாசம் இருபத்திரெண்டாந்தேதி.”

அவள் என்னை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு இருவத்துநாலும் எங்கிட்டதான நின்னுச்சு” என்றாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டேஷனில் ஒரு பதிவேடு உண்டு. தாமதமாகிற ஒவ்வொரு வண்டிக்கும் அதில் எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று எழுத வேண்டும். சிக்னல் கோளாறு, இன்ஜின் கோளாறு, மழை, தண்டவாளத்தில் மாடு. முப்பத்தெட்டு வருடத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் ஒரு தடவையும் என் பெயரை எழுதியதில்லை.

பிப்ரவரி 22 முதல் மார்ச் 11 வரை. தாமதம்: பதினேழு நாள். காரணம்: ஜ. அருமைநாயகம்.